டப்பாவும் வாளையும்

கார் ஷோரூமின் கண்ணாடிக்குள் இரண்டு ஹைப்ரிட் கார்கள் அருகருகே நின்றன. ஒன்றுக்குக் கூரை உயரம், பின்பக்கம் அகலம். அதை எல்லோரும் டப்பா என்றார்கள். மற்றது வாளைமீன் போல வழுக்கிச் சரிந்திருந்ததால் அதற்கு வாளை என்று பெயர்.

ஒருநாள் சபாபதி என்ற பெரியவரைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு மகனும் மருமகளும் வந்தார்கள். டப்பாவுக்குள் பெரியவர் குனியாமல் உட்கார்ந்தார். நாற்காலியும் மடங்கிப் பின்னால் அடங்கியது. அந்தக் கனம் டப்பாவுக்கு இனித்தது. இவர்களோடுதான் போகப்போகிறோம் என்று நம்பிவிட்டது.

வாளைக்குள் ஏறும்போது பெரியவரின் தலை இடித்தது. நாற்காலி வைக்கவேண்டிய இடத்தைப் பேட்டரி அடைத்திருந்தது.

"கல்யாண வீட்டு வாசல்ல போய் அந்த டப்பாவையா நிறுத்தறது?" என்றாள் மருமகள்.

மகன் அப்பாவைப் பார்த்தான்.

"அழகா இருக்கறதையே எடுப்பா," என்றார் அவர், தலையைத் தடவிக்கொண்டே.

வண்டி எடுக்கும் நாளில் வாளைக்கு மாலை போட்டார்கள். கற்பூரம் காட்டப் பெரியவரைத்தான் அழைத்தார்கள்.

"அவர் எங்கே உட்காருவார்?" என்று டப்பா கேட்டது.

"அடப் போடா! ஊரே திரும்பிப் பார்க்கத்தான் என்னைச் செய்தார்கள்," என்ற வாளை, நான்கு எலுமிச்சம்பழங்களை நசுக்கிக்கொண்டு கிளம்பியது.

பெரியவரை ஓர் ஆட்டோவில் ஏற்றி, நாற்காலியைப் பின்னால் கயிற்றால் கட்டினார்கள். ஆட்டோ, ஷோரூம் கண்ணாடி வழியே டப்பாவைப் பார்த்தது.

"வருத்தப்படாதேப்பா. உன்னை வேண்டாம்னு சொல்றவங்களாலதான் என் பொழப்பே ஓடுது," என்றது. பிறகு இருமிக்கொண்டே வாளையின் பின்னால் போனது.