ராணியின் பெயர்

திண்டிவனம் கல்லூரியில் பாடம் நடத்திவிட்டு வந்த அலுப்போடு கலைப்பிரியா மடிக்கணினியின் முன் உட்கார்ந்திருந்தாள். பழைய சமஸ்கிருதக் கல்வெட்டுகளின் இணையத் தொகுப்பில், கோயில் கட்டிய ஒரு ராணியின் பெயரைத் தேடிக்கொண்டிருந்தாள். அந்தப் பெயர் இல்லாமல் அவளுடைய கட்டுரை முடியாது.

"இன்னுமா கிடைக்கல?" என்றான் கணவன் கோகுலகிருஷ்ணன்.

"கட்டினது அவ. கல்லுல 'ராஜாவோட மனைவி'ன்னு மட்டும் கீது. அவனுக்கு மட்டும் அத்தனை பட்டம்."

"அந்தம்மாவே வேணாம்னு சொல்லியிருக்கும்."

"எந்தப் பொம்பளை அப்படிச் சொல்லுவா?"

அவன் சிரித்துக்கொண்டே உள்ளே போனான். அலைபேசி அடித்தது. விழுப்புரத்தில் கல்லில் எழுத்து வெட்டுகிற தமிழ்மணி.

"மேடம், முகையூர் கோயில் மண்டபத்துக் கல்வெட்டு ரெடிங்க. போட்டோ அனுப்பிக்கீறேன், பாருங்க."

கறுப்புக் கல்லில் 'உபயம்: கோகுலகிருஷ்ணன் குடும்பத்தார்' என்றிருந்தது. மண்டபம் எழும்பியது அவள் சம்பளத்தில்.

"என் பேரு இல்லியே?"

"அன்னைக்கே கேட்டேனே மேடம். அவரு பேரு போதும்னு நீங்கதானே சொன்னீங்க. கீழ இடம் கீது, சேத்துடவா?"

கலைப்பிரியா உள்ளறையைப் பார்த்தாள்.

"வேணாங்க, இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு மடிக்கணினியை மூடினாள்.