தலைவரின் வலதுகை

"இருக்கிற அத்தனையையும் கட்டிக் குடுங்கக்கா," என்றார் சின்னையா.

காலையிலிருந்து பினாங்குத் தீவின் புத்தகக் கடைகளை ஒவ்வொன்றாகத் துடைத்து வழித்துவிட்டு, கடைசியாக அன்னமேரியின் கடைக்கு வந்திருந்தார். வெளியே நின்ற காரின் பின்சீட்டில் நாற்பது பிரதிகள் கிடந்தன. எல்லாம் ஒரே புத்தகம், எல்லா அட்டையிலும் ஒரே சிரிப்பு.

சிரிப்பவர் ஒரு குட்டித் தீவு நாட்டின் முன்னாள் அதிபர். வெள்ளைக்காரனை விரட்டிவிட்டு அவன் நாற்காலியில் உட்கார்ந்தவர், பதினெட்டு வருஷம் எழுந்திருக்க மறந்துவிட்டார். சொந்த ஜனங்களே எழுப்பிவிட்டதும் பினாங்குக்கு ஓடிவந்து ஆறு வருஷம் தங்கியிருந்தார். இப்போது அறுநூறு பக்கத்தில் சுயசரிதை எழுதியிருக்கிறார். அதில் கஜானா காலியானதற்கு நாலு வரி, முழங்கால் வலிக்குப் பதினோரு பக்கம்.

இந்த மாதிரிப் புத்தகங்களை அன்னமேரி முப்பது வருஷமாக விற்கிறார். ஆசியாவோ ஆப்பிரிக்காவோ, எல்லாத் தலைவர்களும் ஒரே அச்சு. தான் ஜெயிலுக்குப் போனது தியாகம். பிறரை ஜெயிலுக்கு அனுப்பியது காலத்தின் கட்டாயம்.

சின்னையாவுக்கு ஜுருவில் பழைய கார் வியாபாரம். தலைவர் பினாங்கில் இருந்தபோது அவருக்கு வலதுகை சின்னையாதான் என்பதும், அந்த நாட்டின் அடுத்த மந்திரிசபையே அவருடைய ஷோரூமில் வைத்துத்தான் முடிவானது என்பதும் ஊருக்கே தெரிந்த கதை. அந்தப் பெயரை வைத்துத்தான் வரும் ஞாயிற்றுக்கிழமை வியாபாரிகள் சங்கத் தேர்தலில் தலைவர் பதவிக்கு நிற்கிறார்.

போன வாரம் நடந்த வெளியீட்டு விழாவில், உறைக்குள் ஆயிரம் வெள்ளிப் பணம் வைத்துக் கொடுத்து முதல் பிரதியை வாங்கியவரும் அவரே. போர்த்திய பொன்னாடையோடு மைக்கைப் பிடித்து, என்னைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டுமானால் இதைப் படியுங்கள் என்று சபையைப் பார்த்துச் சொன்னார். அப்போது புத்தகத்தை அவர் திறந்திருக்கவில்லை. முதல் பிரதி வாங்குகிறவர்கள் திறப்பதில்லை.

அன்னமேரி அலமாரியிலிருந்து ஆறு பிரதிகளை இறக்கி வைத்தார். சின்னையா ஒவ்வொன்றையும் பின்பக்கமாகத் திறந்து, பெயர்ப் பட்டியலில் ஒரே இடத்தில் விரலை ஓட்டிப் பார்த்துவிட்டு மூடினார். ஆறாவதை மூடும்போது நெற்றியில் வியர்த்துக் கொட்டியது.

எந்தப் பக்கத்தில் என்ன நாறுகிறதோ, பாவம், என்று அன்னமேரி நினைத்துக்கொண்டார். தள்ளுபடி கேட்காமல் ஒரு கார் வியாபாரி பர்ஸைத் திறப்பதை அவர் அன்றைக்குத்தான் பார்த்தார்.

"இவ்வளவுதானாக்கா?"

"இன்னும் ஒண்ணு உள்ள இருக்கு. அது மேத்யூ சொல்லிவச்சது. நாலு மணிக்கு வர்றேன்னாரு."

சின்னையாவின் முகம் செத்துவிட்டது. மேத்யூதான் அவரை எதிர்த்து நிற்பவர். வாங்குகிற சாமானோடு வரும் துண்டுக் காகிதத்தைக்கூட கடைசி வரிவரை படிக்கிற ஆசாமி.

சின்னையா இரண்டு மடங்கு விலை தருவதாகச் சொன்னார். அப்புறம் ஐந்து மடங்கு என்றார். வாக்கு வாக்குதான் என்று அன்னமேரி அசையவில்லை. ஞாயிற்றுக்கிழமை அந்த ஆள் இதைக் கையில் பிடித்துக்கொண்டு சபையில் எழுந்து நின்றால், பதவியை விடுங்கள், ஜுருவில் தன்னிடம் ஒருத்தனும் ஒரு டயர்கூட வாங்க மாட்டான் என்று சின்னையா புலம்பினார்.

அன்னமேரிக்கு மனசு இளகிவிட்டது. நாற்காலியை இழுத்துப் போட்டு அவரை உட்காரவைத்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"அப்படி என்ன எழுதித் தொலைச்சாரு தம்பி? பணமா, பொம்பளையா?"

சின்னையா தலையைக் குனிந்துகொள்ள, அன்னமேரியே தொடர்ந்தார்.

"நானே பாதிதான் படிச்சிருக்கேன். அந்தாளு யாரையும் விட்டுவைக்கல லா. சமைச்சுப் போட்டவன், முடி வெட்டினவன், பக்கத்து வீட்டுப் பூனை வரைக்கும் பேர் சொல்லித் திட்டியிருக்காரு. உங்கள மட்டும் சும்மா விடுவாரா? வக்கீலப் பாருங்க. மானநஷ்டம்னு ஒரு கேஸப் போடுங்க."

சின்னையா நிமிர்ந்தபோது கண் கலங்கியிருந்தது.

"திட்டியிருந்தா பரவால்லயேக்கா. அதுல என் பேரே இல்ல."