நல்ல நாள் பார்த்து

"எம்மக ஒரு ராத்திரிகூட இங்க தங்கல சார். கிளாசுக்கும் வரல. பெறகு எதுக்கு ஒரு வருசப் பணத்தப் புடிக்கிறீங்க?"

அன்னக்கொடி அந்தத் தனியார் கல்லூரி அலுவலகமே அதிரக் கத்தினாள். பக்கத்தில் மகள் சிவரஞ்சனி, அரசுக் கல்லூரியில் இடம் கிடைத்த கடிதத்தோடு நின்றாள்.

"ஹாஸ்டல் சாவி வாங்குறதுக்கு முந்தி விலகியிருந்தா முழுசும் திரும்பக் கெடச்சிருக்கும்மா. வாங்கிட்டா, படிச்சாலும் படிக்காட்டியும் வருசக் கட்டணம் கட்டித்தான் ஆகணும்," என்றார் குமாஸ்தா.

"ஏலக்காட்டு மழையில நனைஞ்சு சேத்த காசு சார். சாவிய யாரு வாங்குனது?"

குமாஸ்தா பதிவேட்டைத் திருப்பிக் காட்டினார். கையெழுத்து, அவள் கணவன் திருப்பதியுடையது.

போடியிலிருந்து கூடவே பஸ் ஏறி வந்து கதவோரம் நின்ற திருப்பதி, முன்னால் வந்தான்.

"நாளைக்கு ஆடி பொறக்குது, பிள்ள பெறகு போகட்டும், பொட்டிய மட்டும் இன்னைக்கே வச்சுட்டு வாங்கன்னு நீதான அனுப்புன? ரூமத் தொறக்கணும்னா கையெழுத்துப் போடுன்னாங்க. போட்டேன்."

காவலாளி அந்தப் பெட்டியைக் கொண்டுவந்து வைத்தார். சிவரஞ்சனி திறந்தாள்.

உள்ளே ஒரு பிடி அரிசியும் ஒரு மஞ்சள் கிழங்கும் இருந்தன. அந்த வருடம் ஹாஸ்டலில் தங்கியது அவ்வளவுதான்.