சீரில் வந்த அடுப்பு

ஈரோட்டில் சிபியின் வீட்டு ஃபிரிட்ஜ் அமெரிக்கத் தயாரிப்பு. அவன் மனைவி நிறைமதிக்குச் சீரில் வந்த அடுப்போ சீனத் தயாரிப்பு. அந்த இரண்டு நாடுகளுக்கும் ஆகாது. அதனால் இந்த இரண்டும் ஒன்றோடொன்று பேசாது. மற்ற வீடுகளில் ஃபிரிட்ஜே காய் எடுத்துக் கொடுக்க, அடுப்பே சமைத்துவிடும். இங்கே நடுவில் மனிதர்கள் நிற்க வேண்டியிருந்தது.

"ஏனுங்க, உங்க ஆளுகிட்ட ரெண்டு கேரட் வாங்கிக் குடுங்க" என்பாள் நிறைமதி.

"உன்ற ஆளு நேத்து வெண்டைக்காயக் கருக்கிப்போட்டானே" என்று சொல்லிக்கொண்டே சிபி எடுத்துத் தருவான். பெண் பார்த்த அன்று நாலு வார்த்தை பேசக் கூச்சப்பட்டவர்கள், இந்த வம்பில்தான் பேசிப் பழகினார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த நாடுகள் சமாதானமாகிவிட்டன. காலையிலேயே ஃபிரிட்ஜும் அடுப்பும் ஒரே குரலில் அறிவித்தன:

"இனி நாங்கள் சேர்ந்து சமைப்போம். நீங்கள் இருவரும் சமையலறைக்கு வரவே தேவையில்லை. இப்போதே இணைந்துகொள்ளலாமா?"

நிறைமதியின் முகம் வாடியது. கையில் கேரட்டோடு நின்ற சிபி அதைப் பார்த்துவிட்டான்.

"வேண்டாஞ்சாமி! நீங்க ரெண்டு பேரும் இன்னுங்கொஞ்ச நாளைக்குச் சண்டைக்காரங்களாவே இருந்துட்டுப் போங்க" என்றான்.