இரண்டு டிகிரி

“பெரியப்பா, வலிச்சா இது கத்தாதா?”

ஆறு வயதில் அவள் கேட்ட கேள்வி அது. அப்போது அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் ஒரே பட்டறை. பெட்ரோல் இன்ஜினில் பொறி முன்கூட்டியே விழுந்தால், உள்ளே கூழாங்கல் உருளுவதுபோல் சத்தம் வரும். அன்று அவள் பார்த்த, எத்தனாலுக்கு மாற்றிய டர்போ காரில் அந்தச் சத்தமே வரவில்லை.

“கத்தாதும்மா. தாங்கிக்கும். அதான் பயமே” என்றார் பெரியப்பா.

இப்போது அவளுக்கு இருபத்திரண்டு. பட்டறை இரண்டாகி, அண்ணன் தம்பி பேச்சு நின்று ஆறு வருடம் ஆகிறது.

பிற்பகல் மழை தகரக் கூரையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. கட்டிப்போட்ட கார் உருளைகளின் மேல் நூற்றைம்பது கிலோமீட்டர் வேகத்தில், இருந்த இடத்திலேயே ஓடியது. கனவில் ஓடுவதைப் போல. ஓட்டுநர் இருக்கையில் அவள். லேப்டாப்பின் முன் அப்பா.

“காத்தும் எரிபொருளும் சரியா இருக்கும்மா. பெட்ரோல்னா பதினாலு பங்கு காத்துக்கு ஒரு பங்கு போதும். இது பத்து பங்குக்கே ஒரு பங்கு கேக்குது.”

“குடிகாரக் கார்ப்பா இது. ஊத்த ஊத்த உள்ள போகுது. பொறி விழற டைமிங்கை இன்னும் ரெண்டு டிகிரி முன்னால வைங்க.”

“வெச்சாலும் சக்தி ஏறாது. பாரு, திரையில சக்திக் கோடு படுத்துடுச்சு. இதுக்கு மேல வெச்சா இன்ஜினை நசுக்கறதுதான்.”

“போன வருஷம் வெச்சீங்களே! பெரியப்பாதானே திருட்டுத்தனமா அதைக் குறைச்சார்? ஒரு கார் நீளத்துல அவர்கிட்டயே தோத்தேன்.”

அப்பா துடைத்த கீபோர்டையே மறுபடியும் துடைத்தார். “அண்ணன்தான்னு யார் பார்த்தா?”

“லேப்டாப் பாஸ்வேர்ட் வேற யாருக்குத் தெரியும்? ஆறு வருஷமா மாத்தாம வெச்சிருக்கீங்க. வீட்டைப் பூட்டி, சாவியைத் திருடன் கையிலயே குடுத்த மாதிரி.”

“மாத்தணும்” என்றார் அப்பா. ஒவ்வொரு முறையும் அப்படித்தான் சொல்வார்.

“நாளைக்கு ஜெயிக்கிறவங்களைத்தான் தேசியப் போட்டிக்கு அனுப்புவாங்க. சின்ன வயசுலேர்ந்து எனக்கு வேற கனவே இல்லப்பா.”

அப்பா வழக்கம்போல, அடுத்த ஓட்டத்துக்கு முன் ஒரு கணம் கண்மூடி முணுமுணுத்தார். “எல்லாரும் முழுசா வீடு திரும்பணும், கடவுளே.”

“ஜெயிக்கணும்னு வேண்டிக்க மாட்டீங்களா?”

“அது ரெண்டாவது.”

வேலை முடிந்தது. புது ஸ்பார்க் பிளக் எடுக்க அலமாரியைத் திறந்தவளின் கையில், பழந்துணியில் சுற்றிய கனமான ஏதோ ஒன்று தட்டுப்பட்டது. பிரித்துப் பார்த்தாள். மழைச் சத்தம்கூடக் கேட்காதவள்போல் நின்றாள். பிறகு அதை மறுபடியும் சுற்றித் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

“கிடைச்சுதாம்மா?”

“கிடைச்சுதுப்பா” என்றாள்.

மறுநாள் காலை பந்தயத் திடல் மூடுபனியில் மிதந்தது. அவள் காரில் எரிபொருள் நிரப்பியாகிவிட்டது. எதிர்க் கொட்டகையில், தன் எத்தனால் காருக்காகப் பெரியப்பா கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் தண்ணீரும் எரிபொருளும் விட்டுக் குலுக்கிக்கொண்டிருந்தார். எத்தனால் தண்ணீரோடு சேர்ந்துகொள்ளும்; எத்தனால் அதிகமாக இருந்தால் குழாயில் கோடு உயரும். கேனுக்குக் கேன் கலவை மாறுவதால், சோதிக்காமல் யாரும் ஊற்றுவதில்லை.

பெரியப்பா குழாயை வானத்துக்கு எதிரே பிடித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினார். அப்படியும் இப்படியும் திருப்பினார். கடைசியில் தலையாட்டி, குழாயை மேசையில் வைத்துவிட்டுப் பந்தயப் பதிவேட்டில் கையெழுத்துப் போடப் போனார்.

தம்பி வீட்டுப் பச்சைத் தண்ணீர்கூட வேண்டாம் என்று சபதம் போட்டவர் அவர்.

அவள் சுற்றிலும் பார்த்தாள். யாரும் இல்லை. தன் கொட்டகையிலிருந்து எதையோ தூக்கிக்கொண்டு பனிக்குள் நடந்தாள். மேசைமேல் இருந்த குழாயைக் குனிந்து பார்த்தாள். நிரப்புவதற்காகக் காரின் பக்கத்தில் வைத்திருந்த நீலக் கேனைத் தொட்டாள். எல்லாம் இரண்டே நிமிடம்.

பந்தயத்தில் இரண்டு கார்களும் வெள்ளைப் பனிக்குள் ஒன்றாகக் கரைந்தன. ஒரு கார் நீளம் முந்தி வெளியே வந்தது பெரியப்பாவின் கார்.

அப்பா ஓடி வந்தார். “நம்ம கார்ல ஏதாவது கோளாறாம்மா?”

“இல்லப்பா, பிரமாதமா ஓடுச்சு. அவர் கார் அதைவிடப் பிரமாதமா ஓடுச்சு.”

“வருத்தமா இருக்கா?”

“இருக்கு. ஆனா எல்லாரும் முழுசா வீடு திரும்பறோம்ல?”

புரியாமல் அவளைப் பார்த்த அப்பா, வண்டி கொண்டுவரப் போனார்.

தனியாக இருந்தபோது, அவள் தன் கொட்டகை மூலையிலிருந்த நீலக் கேனை எடுத்தாள். பட்டறை ஒன்றாக இருந்தபோது வாங்கிய, ஒரே மாதிரிக் கேன்களில் ஒன்று. அடியில் பெரியப்பாவின் குறி கீறியிருந்தது. அதிலிருந்து கொஞ்சம் குழாயில் விட்டு, தண்ணீர் சேர்த்துக் குலுக்கினாள். காலையில் அவர் கண்ணுக்குத் தப்பி, மேசைக் குழாயில் அவள் பார்த்த அதே இடத்தில், பாதிக்கும் கீழே, கோடு நின்றது. முக்கால்வாசி பெட்ரோல். எத்தனாலுக்கென்று வைத்த டைமிங்கில் இது போயிருந்தால், உச்ச வேகத்தில் இன்ஜின் சிதறியிருக்கும். அவளுடைய நல்ல கேன்தான் அவர் காரை ஓட்டியது.

அதைக் கழிவுப் பீப்பாயில் கடைசிச் சொட்டுவரை கவிழ்த்தாள்.

பிறகு பையிலிருந்து அந்தத் துணியைப் பிரித்தாள். இன்ஜினுக்குள் பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு, வளைந்துபோயிருந்தது. அதில் கட்டியிருந்த காகிதத்தில் அப்பாவின் கையெழுத்து: “போன வருடப் பந்தயத்துக்குப் பின் கழற்றியது. நான் வைத்த டைமிங் தப்பு; குறைத்த பிறகும் இது வளைந்திருக்கிறது. அண்ணன் அந்த இரண்டு டிகிரியைக் குறைத்திருக்காவிட்டால், என் மகள் வீடு திரும்பியிருக்க மாட்டாள்.”