திமிலும் தகடும்

ஜீப்பு நடுரோட்டுல நின்னா தள்ள ஒருத்தனும் வரமாட்டீங்க, கதைன்னா மட்டும் பேனட்டு மேலயே ஏறி உக்காந்துக்குவீங்க. சரி, கேட்டுத் தொலைங்கடா.

இந்த ஜீப்போட இன்ஜினுக்குள்ள சுத்துற ராடுல, மாட்டுத் திமிலு மாதிரி ஒரு மேடு இருந்துச்சு. ஒவ்வொரு சுத்துக்கும் அது பெட்ரோல் பம்போட கைய ஒரு தள்ளு தள்ளும். பம்பு உடனே பெட்ரோல உறிஞ்சும்.

"மெதுவா இடிடா, எரும"ன்னு பம்பு திட்டும்.

"நான் இடிக்கலேன்னா நீ தூங்கிருவ மச்சான்"னு திமிலு சிரிக்கும்.

வெயில்ல பம்பு சூடாகி, வண்டி அடிக்கடி நின்னுச்சு. அதனால பம்பைக் கழட்டிட்டு, பின்னால டேங்க்குகிட்ட கரண்டுல ஓடுற புதுப் பம்பு ஒண்ண வச்சாங்க. பழைய பம்பு இருந்த ஓட்டைய ஒரு தகடு போட்டு மூடுனாங்க.

திமிலு மட்டும் சுத்திக்கிட்டே இருந்துச்சு. ராடு சுத்துனா அதுவும் சுத்தித்தானே ஆகணும். ஆனா இடிக்க ஆளில்ல, வெறும் காத்துதான்.

மறுநாள் சாவியத் திருப்புனதும் எங்கயோ டொக்கு டொக்குன்னு சத்தம் கேட்டுச்சு.

"தகடு, மச்சான் வெளிய நின்னு தட்டுறான். கொஞ்சம் நகந்துக்க"ன்னுச்சு திமிலு.

அது புதுப் பம்போட சத்தம்னு தகட்டுக்குத் தெரியும். "வந்துக்கிட்டு இருக்கான், நீ சுத்து"ன்னு சொல்லிருச்சு.

தினமும் காலைல இதே பேச்சுதான்.

அந்தத் தகட்ட முறுக்கி மாட்டுனது நான்தான். பழைய பம்பு என் ரூமுல கெடக்கு. பேச ஆளில்லாதப்ப அதோட கைய அமுக்கிக்கிட்டு உக்காந்திருப்பேன்.