கப்பல் கடிதங்கள்

"ரட்ணம், உன்ர மகள் பள்ளிக்கூடத்தில ஏதோ பொய் எழுதிக் குடுத்திருக்கிறாள் போல கிடக்கு."

ரீச்சர் அனுப்பிய துண்டுக் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தபடி பாலச்சந்திரன் சொன்னார். ஜேர்மனியின் பான் நகருக்குப் பக்கத்தில் இருந்த அந்த அகதிகள் விடுதியில், 1993இல், ஜேர்மன் எழுத்து வாசிக்கத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான்.

"என்ன பொய் அண்ணை?" என்று கேட்டார் மரியரட்ணம்.

"புத்தகத்தில இருக்கிற மாதிரி எழுதேல்லையாம். நாளைக்குப் பதினொரு மணிக்கு டேர்மின், சந்திக்க நேரம் குடுத்திருக்கிறா. தகப்பன் வரவேணுமாம்."

இரட்டைக் கட்டிலின் மேல்தட்டில் ஒன்பது வயது ஜெசிக்கா காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு இருந்தாள்.

"என்னடி எழுதினனீ?"

"முந்நூறு வருசத்துக்கு முதல் ஜேர்மன் சனம் கப்பலில அமெரிக்காவுக்குப் போய்க் குடியேறினதாம். அங்க இருந்த ஒரு பிள்ளையின்ர ஒரு நாளை எழுதச் சொன்னவா. எழுதினனான்."

"பொய் எழுதினா ஆண்டவர் பொறுக்கமாட்டார். தெரியுமோ?"

அவள் கீழே குதித்து, "கடிதம் வந்ததோ அப்பா?" என்றாள்.

"நாளைக்கு வரும்."

பாலச்சந்திரன் மரியரட்ணத்தைக் கையில் பிடித்து அறைக்கு வெளியே தாழ்வாரத்துக்குக் கூட்டிவந்தார்.

"ஆண்டவரை ஏனடாப்பா இழுக்கிறாய்? உன்ர மனுசி கொறற்றி ஊரில அகதி முகாமில காய்ச்சல் வந்து செத்து எட்டு மாசம். பிள்ளைக்கு ஒரு சொல் சொல்லேல்லை. மாசம் ஒரு கடிதம் நீயே எழுதி, தாய் எழுதினது எண்டு வாசிச்சுக் காட்டுறாய். ஆர் பொய்யன்?"

"இந்தக் குளிர் முடியட்டும். சொல்லுறன்."

"முதல் கோடை முடியட்டும் எண்டனீ. ஒரு நாளைக்குக் கண்டுபிடிக்கப் போறாள்."

"ஏலாது அண்ணை. கொறற்றியின்ர எழுத்து மாதிரியே உருட்டி உருட்டி எழுதுறன். நான் இல்லாத நேரத்தில அவள் ஆசையா எடுத்து எழுத்துக்கூட்டி வாசிக்கிறவள்."

மறுநாள் பள்ளிக்கூடத்தில் ரீச்சர் கோபமாக இருக்கவில்லை. ஜெசிக்காவின் கொப்பியைத் திறந்து, கூட வந்த பாலச்சந்திரனிடம் நீட்டினார். அவர் ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னார்.

"'விடிய எழும்பி ஆத்தில தண்ணி அள்ளுவன். கோழிக்குத் தீன் போடுவன். அப்பா மரம் தறிக்கப் போவார். நான் சுடுற சோளரொட்டி கருகினாலும் நல்லாயிருக்கு எண்டு சாப்பிடுவார்.' இவ்வளவும் சரியாம். இனித்தான் புத்தகத்தில இல்லாததாம்."

"வாசியுங்கோ."

"'அம்மாவுக்கு எங்கட கப்பலில இடம் கிடைக்கேல்லை. அடுத்த கப்பலில வருவா. மாசம் ஒருக்கா வாற கப்பலில அம்மாவின்ர கடிதம் வரும். அம்மா முதல் தாளின்ர தலையில ஒரு குருசு போட்டிட்டுத்தான் எழுதத் தொடங்குவா. இப்ப வாற கடிதங்களில குருசு இல்லை.'"

பாலச்சந்திரன் நிமிர்ந்தார்.

"இதென்ன ரட்ணம், குருசு?"

"எங்கட வேதக்கார ஆக்கள் குருசு போடாமல் கடிதம் தொடங்கமாட்டினம் அண்ணை."

"எழுத்தை அவ்வளவு பாத்து உருட்டினனீ, அதை மறந்துபோனியே?"

"மறக்கேல்லை." மரியரட்ணம் தன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "பொய்க்கு மேல எப்பிடிக் குருசு போடுறது? கை வரேல்லை."

ரீச்சர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"மிச்சத்தையும் வாசியுங்கோ அண்ணை."

பாலச்சந்திரனின் குரல் இறங்கிவிட்டது.

"'குருசு இல்லாத கடிதத்தை அம்மா எழுதியிருக்கமாட்டா. அம்மா இனி ஒரு கப்பலிலயும் வரமாட்டா எண்டு எனக்குத் தெரியும். ஆனா அப்பா கடிதம் வாசிக்கேக்க, அம்மா பக்கத்தில இருந்து கதைக்கிற மாதிரி இருக்கும். அதாலதான் நான் ஒவ்வொரு மாசமும் கேக்கிறனான், கடிதம் வந்ததோ அப்பா எண்டு.'"

கொப்பியை மூடி மேசையில் வைத்தார்.

ரீச்சர் ஏதோ கேட்டார்.

"அந்தக் காலத்தில குடும்பம் குடும்பமாய்த்தானே போனவை, இவள் ஏன் தாயை விட்டிட்டுப் போனதாய் எழுதினவள் எண்டு கேக்கிறா. என்ன சொல்ல?"

மரியரட்ணம் எழுந்து நின்றார்.

"பிள்ளை எழுதினது பொய்யில்லை எண்டு சொல்லுங்கோ."

விடுதிக்கு வந்தபோது பன்னிரண்டு மணி. ஜெசிக்கா வர இன்னும் ஒரு மணித்தியாலம் இருந்தது. அவள் வருவதற்கு முன் தன் கடிதங்கள் எட்டையும் கிழித்துப்போட்டுவிட்டு, சாப்பாட்டுக்கு இருக்கும்போது எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்று பஸ்ஸிலேயே முடிவுசெய்திருந்தார்.

அவளுடைய தலையணைக்குக் கீழே, கடிதங்களை அவள் போட்டுவைக்கும் பிஸ்கற் தகரம் இருந்தது. எழுதிவந்த எட்டு மாதத்தில் அதை அவர் ஒருநாளும் திறந்ததில்லை.

மேலே கொறற்றியின் கடிதங்கள் நான்கு. ஒவ்வொன்றின் தலையிலும் நீல மையில் குருசு. அவற்றை முகத்தருகே சிறிது நேரம் வைத்திருந்துவிட்டுக் கட்டிலில் வைத்தார்.

பிறகு தன்னுடையவற்றைக் கையில் எடுத்தார். கிழிப்பதற்கு முதலாவதை விரித்தார். கை நின்றுவிட்டது. இரண்டாவதை விரித்தார். மூன்றாவதை விரித்தார்.

எட்டின் தலையிலும், அழிறப்பரால் அழித்து அழித்து நேராக்கிய, பென்சிலால் போட்ட ஒரு சின்னக் குருசு இருந்தது.